மாப்பிள்ளை அறை மீன்தொட்டி

ஜும்ஆ தொழுகைக்கு ஆண்கள் போய்விட்டால் எங்கள் தெருவே அடங்கிவிடும். வெள்ளிக்கிழமைகளில் அந்த நேரத்தில்தான் நான் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போடுவேன். மழை கொட்டிய அன்றைக்கு அதற்கும் கொடுத்து வைக்கவில்லை. மாப்பிள்ளை அறைக்குள்ளிருந்து பீப், பீப் என்று சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது.

எங்கள் வழக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவருக்கென்று ஓர் அறை. மாமியார் அதற்குள் காலெடுத்து வைப்பதில்லை, அவர் எதிரில் வருவதில்லை, நேராகப் பேசுவதும் இல்லை. மற்ற வீடுகளில் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. மாப்பிள்ளை தௌஃபீக்கிடம் சொல்ல வேண்டியதை என் மகள் இஃபாத்திடம், அவர் காதில் விழுகிற மாதிரி கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன். அவரும் அப்படித்தான் பதில் அனுப்புவார். ஒரே வீட்டுக்குள் இப்படி ஒரு தபால் போக்குவரத்து.

அந்த அறையில் அவர் டிஸ்கஸ் மீன் வளர்க்கிறார். சாஸர் மாதிரி தட்டையான மீன். தண்ணீர் எந்நேரமும் முப்பது டிகிரியில் இருக்க வேண்டுமாம். அடைமழையில் நான் இருமிக்கொண்டு கிடந்தபோது இந்த வீட்டில் யாரும் டிகிரி பார்க்கவில்லை. மீனுக்கு ஒரு ஹீட்டர், அந்த ஹீட்டரை மேய்க்க ஒரு கன்ட்ரோலர், சூட்டைப் பார்த்துச் சொல்லத் தொட்டிக்குள் ஒரு சென்சார் ஒயர். சூடு குறைந்தால் அது கத்தும், இவர்கள் போனுக்கும் தகவல் போகும். மருமகன் என்று வந்தவர் மீனுக்கு வாய்த்தார், எனக்கு வாய்க்கவில்லை.

ஆனாலும் அந்த மீன்கள் பிழைக்க வேண்டுமென்று ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆ கேட்டுக்கொண்டிருந்தவள் நான். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டுத்தான் அவர் மீன் குஞ்சு பொரித்து விற்கும் இந்தத் தொழிலில் இறங்கினார். தொட்டியில் இருந்த ஒரே ஜோடி முட்டை போடும், போட்ட முட்டையைத் தானே தின்றுவிடும். இந்தத் தடவைதான் குஞ்சு பொரித்தது. பொடிப்பொடியாகத் தாய் மீது ஒட்டிக்கொண்டு, தகப்பன் மீது ஒட்டிக்கொண்டு, அவற்றின் உடம்பில் ஊறும் வழவழப்பைத் தின்று வளர்ந்தன. இதுவும் போனால் துபாயில் இருக்கும் அண்ணனிடம் விசா கேட்டுப் போய்விடுவதாக இஃபாத்திடம் சொல்லியிருந்தார். அதுவும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னார்.

போன் அடித்தது. வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து இஃபாத்.

"உம்மா, தொட்டித் தண்ணி இருபத்திநாலுக்கு எறங்கிடுச்சு. ஹீட்டர் போயிடுச்சு போல. மச்சான் பள்ளிவாசல்ல இருக்காங்க, போன் ஆஃப்ல இருக்கு. வெந்நீர் வச்சு கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க உம்மா. இல்லாட்டி குஞ்சு ஒண்ணுகூட நிக்காது."

"அந்த ரூமுக்குள்ள நான் எப்புடிடி போறது?"

"அவங்கதான் இல்லியே. போங்க உம்மா."

அவள் குரல் உடைந்திருந்தது. மறுபேச்சுப் பேசாமல் அடுப்பை மூட்டினேன். பானைத் தண்ணீர் ஆவி விட்டதும் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, பானையைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போனேன். திருட வந்தவள் மாதிரி அடிமேல் அடி வைத்தேன்.

கன்ட்ரோலரில் சிவப்பாக இருபத்திநாலு. மீன் இரண்டும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. குளிரில் துடிக்கின்றன என்றுதான் நினைத்தேன். மூடியை நகர்த்திப் பானையைச் சாய்க்கப் போனேன். எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்க்க விரலை விட்டேன்.

சுட்டது.

பானையைத் தூக்கி வந்த கை, அதுதான் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். பானையைக் கீழே வைத்துவிட்டு முழங்கையை விட்டுப் பார்த்தேன். நன்றாகவே சுட்டது. மெஷின் குளிர் என்கிறது, படித்த மகள் குளிர் என்கிறாள், என் கை மட்டும் சூடு என்கிறது. என் கை தப்பென்றால் இந்த மீன்களை விறைக்க வைத்துக் கொன்றவள் நான்தான். மாப்பிள்ளையை விமானம் ஏற்றி விட்டவளும் நான்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கினேன்.

தொழுகை முடிந்திருக்க வேண்டும். போன் மறுபடியும் அடித்தது. திரையில் 'மாப்பிள்ளை' என்று வந்தது. அந்தப் பெயர் அதுவரை என் போனில் அடித்ததே இல்லை.

"மாமி, இஃபாத் சொன்னா. வெந்நீர் ஊத்துனீங்களா?"

மறுபடியும் முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன்.

"மாமி, இருபத்திமூணுன்னு காட்டுது. தயவு செஞ்சு ஊத்துங்க."

"ஊத்த மாட்டேன் மாப்பிள்ளை." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "தண்ணி சுடுது. உங்க மெஷினு பொய் சொல்லுது."

மழை இரைச்சலுக்கு நடுவே கேட்டார்.

"மாமி, அந்தச் சென்சார் ஒயர் எங்க இருக்குன்னு பாருங்க."

கன்ட்ரோலரிலிருந்து ஒயர் போன வழியே பார்வையை ஓட்டினேன். அது ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. திறந்திருந்த ஜன்னலில் சாரல் அடித்து அதை நனைத்துக்கொண்டிருந்தது.

"ஜன்னல்ல கெடக்கு."

"தண்ணி மாத்துறப்ப எடுத்து மாட்டுனேன். தொழுகைக்குப் பாங்கு சொல்லிட்டாங்கன்னு ஹீட்டரைப் போட்டுட்டு அப்புடியே ஓடி வந்துட்டேன்." உடனே அடுத்ததைச் சொன்னார். "நீல டிரம்முல தண்ணி இருக்கு மாமி. தொட்டியிலேர்ந்து மொண்டு கீழ ஊத்திட்டு, டிரம்முத் தண்ணிய மெதுவா விடுங்க. ஒரேயடியா விட்டுடாதீங்க."

குவளை குவளையாக மொண்டேன், விட்டேன். தொட்டிக்குள் பார்க்கப் பயமாக இருந்தது. ஜன்னலில் மழைக்காற்று பட்ட சென்சார் குளிர் குளிர் என்று சொல்லச் சொல்ல, ஹீட்டர் பாட்டுக்கு மீன்களை அவித்துக்கொண்டிருந்திருக்கிறது.

தொப்பலாக நனைந்து ஓடி வந்தவர், நான் உள்ளே இருந்ததால் தன் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். நான் வெளியே போக வேறு வழியும் இல்லை.

"உள்ள வாங்க," என்றேன்.

வந்து தொட்டி முன்னால் குந்தினார். தாய் மீன் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகள் உதிர்ந்து கிடந்தன. தகப்பன் மட்டும் ஒரு மூலையில் செவுளை அடித்துக்கொண்டு நின்றது. அதன் விலாவில் கொஞ்சம் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"என் தப்பு மாமி. இது நமக்கு ஒத்து வராது." சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் துடைத்தார். "அண்ணன்கிட்ட விசா அனுப்பச் சொல்லிடறேன்."

இஃபாத்தின் வாப்பா ஒவ்வொரு தடவை வெளிநாட்டுக்குக் கப்பலேறும்போதும் விமானம் ஏறும்போதும் நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கூடம் நிறைய ஆட்கள். அவ்வளவு பேர் முன்னால் புருஷனிடம் எப்படிப் பேசுவது என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். இஃபாத்துக்கு வாப்பா என்றால் போனில் வரும் ஒரு குரல். எனக்கும் அவ்வளவுதான்.

"போகாதீங்க மாப்பிள்ளை," என்றேன். "மீனு இருந்தாலும் செத்தாலும் நீங்க போவ வேணாம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் முக்காட்டை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் மறுபடியும் தொட்டிப் பக்கம் திரும்பி, தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்த்தார். போனைக் கட்டில்மேல் போட்டார்.

"இன்னும் சூடாத்தான் இருக்கு மாமி. டிரம்முலேர்ந்து இன்னொரு குவளை தாங்க."

மொண்டு கொடுத்தேன்.