ஸ்டானிஸ்லாஸின் நாக்குக்கு வந்த சோதனை

மலேசியாவின் செனாயில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவுக்கு ஸ்டானிஸ்லாஸ்தான் சூப்பர்வைசர். அளந்து பார்க்காமல் ஒரு மூடியைக்கூட வெளியே விடமாட்டார். "கண்ணால பார்த்துச் சொல்றதெல்லாம் கணக்கே இல்ல லா" என்று புதிதாகச் சேர்ந்தவர்களை வறுத்தெடுப்பார். வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது மட்டும் அந்த அறிவையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார் மனுஷன்.

வீட்டில் மீன் கறி என்றால் மசாலா அம்மியில்தான் அரைபட வேண்டும். பிளெண்டரில் அரைத்தால் ருசி செத்துப்போகுமாம். மனைவி பியாட்ரிஸுக்கோ பல மாதமாக வலது மணிக்கட்டில் வலி. விரல்கள் மரத்து, கையில் பிடித்த மங்குக் கிண்ணம் தானாக நழுவி விழுகிறது. நரம்பு நசுங்குகிறது, இப்படியே அரைத்தால் ஆபரேஷனில் கொண்டுபோய் விடும் என்று கிளினிக் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. அம்மி மசாலாவ ஒரு வாய் வச்சாலே நான் கண்டுபிடிச்சிருவேன், தெரியுமா?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

மகள் கிளாரிசா விடவில்லை. "டெஸ்ட் பண்ணாம எப்படிப்பா சொல்றீங்க? உங்க ஃபேக்டரியில இத ஒத்துக்குவீங்களா?"

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மேசையில் ஒரே மாதிரி இரண்டு கிண்ணம் கறி. ஒன்று பிளெண்டர் மசாலா. இன்னொன்று பியாட்ரிஸ் கடைசித் தடவையாக அம்மியில் அரைத்தது. எது எது என்று கிளாரிசாவுக்கு மட்டுமே தெரியும். தன் முகத்தைப் பார்த்தே அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

ஸ்டானிஸ்லாஸ் கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டி, பெரிய நீதிபதி மாதிரி இடது கிண்ணத்தைத் தொட்டார். "இடது பக்கம் இருக்கிறதுதான் அம்மி. வாசத்துலயே தெரியுது."

"அது பிளெண்டர்பா!" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"அலமாக்!" என்று அதிர்ந்தவர், அசடு வழிவதற்குள் சுதாரித்துக்கொண்டார். "ஒரு தடவைய வச்சு முடிவு சொல்லக்கூடாது. சாம்பிள் பத்தாது." வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

"சரிப்பா, வாராவாரம் பண்ணலாம். ஆனா அம்மா இனிமே அம்மிய தொட மாட்டாங்க. நீங்கதான் அரைக்கணும்" என்றாள் கிளாரிசா.

அடுத்த ஞாயிறு, சாரத்தை மடித்துக் கட்டி அம்மி முன்னால் உட்கார்ந்தார். முதலில் ஏதோ பாட்டுகூட முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பியாட்ரிஸ் எட்டிப் பார்த்து, "இன்னும் நைசா வேணுங்க. கொத்தமல்லி நறநறங்குது" என்றாள். காலமெல்லாம் அவர் அவளிடம் சொன்ன அதே குறை. மறுபடி குழவியைத் தள்ளினார். தோள் கடுத்தது, மணிக்கட்டில் சுரீர் என்று இழுத்தது. குழவியை விட்டுவிட்டுக் கையை உதறினார். அவருக்கு வெட்கமாக இருந்தது. மடியில் ஓய்ந்து கிடந்த அவள் வலது கையை அன்றுதான் சரியாகப் பார்த்தார்.

"எந்த விரல்ல முதல்ல வலி வந்துச்சு பியா?" என்று மெல்லக் கேட்டார்.

பியாட்ரிஸ் சிரித்தாள்; கண் கலங்கியும் விட்டது. "இதுவே உங்க ஃபேக்டரி மிஷின்ல ஏதாச்சும் சத்தம் வந்திருந்தா, அன்னிக்கே கேட்டிருப்பீங்க."