நாத்தனாரைக் கொன்ற பல் டாக்டர்

பல் டாக்டருக்குப் பல்லைவிடப் படம்தான் பிடிக்கும். புதுப்படம், பழைய படம், சீரியல், கைபேசியில் வரும் கொலைத் தொடர் என்று எதையும் விட்டுவைக்கமாட்டார். பார்த்ததைப் பற்றி நாலு பேரிடம் அபிப்பிராயம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வீட்டில் அதற்கு ஆள் கிடையாது. கல்யாணமான புதிதில், ஒரு துப்பறியும் படத்தின் இடைவேளையில் கொலைகாரன் யாரென்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் தொண்டையைச் செருமினாலே அவள் காதில் இயர்போனைச் செருகிக்கொள்வாள். மாமியாரும் கூடவே இருந்தார். ஆனால் "சாப்பிடுறீங்களா மாப்பிள்ளை", "லைட்டை அணைச்சிடட்டுமா மாப்பிள்ளை" என்ற இரண்டைத் தாண்டி அவர் வாயிலிருந்து மூன்றாவது வாக்கியத்தை மாப்பிள்ளை கேட்டதில்லை.

ஆகவே டாக்டரின் அபிப்பிராயங்களெல்லாம் கிளினிக்கில்தான் அரங்கேறின. நாற்காலியைச் சாய்த்து, ஊசி போட்டு, கன்னத்துக்குள் பஞ்சைத் திணித்து, எச்சில் உறிஞ்சும் குழாயை உதட்டில் மாட்டிவிட்டால் எதிர்க்கருத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே ஒரு கதாநாயகனின் மானத்தை வாங்குவார். பல்லைப் பிடுங்கும்போது இயக்குநரையும் சேர்த்துப் பிடுங்குவார். நோயாளி "ங்ஆ" என்று முனகினால் ஒத்துக்கொள்கிறார் என்று அர்த்தம். "ஆஆங்" என்று அலறினால் முழு மனதோடு ஒத்துக்கொள்கிறார். பக்கத்தில் நிற்கும் நர்சம்மா முகக்கவசத்துக்குள் சிரிக்கிறாரா, பல்லைக் கடிக்கிறாரா என்று யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் வீங்கிய கன்னத்தோடு குட்டைமுடிப் பெண்மணி ஒருவர் வந்தார். வேர் சிகிச்சை. சாவகாசமாகப் பேசலாம். டாக்டர் ஏழு மணி சீரியலைக் கையில் எடுத்தார். ஒரு பெரிய வீடு, மூன்று மருமகள்கள், அவர்களை ஆட்டிப்படைக்கும் ஒரு நாத்தனார் என்று ஓடிக்கொண்டிருந்த கதை அது.

"அந்த நாத்தனாருக்குக் கதவுக்குப் பின்னாடி நின்னு ஒட்டுக்கேக்குறதைத் தவிர வேற வேலையே கிடையாதுங்க" என்றார் டாக்டர். "யாராவது ஒருத்தர் எழுந்து கதவைச் சாத்தினா கதை அன்னைக்கே முடிஞ்சிடும். இதை எழுதுறவங்க மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும். நானா இருந்தா லாரியை விட்டு ஏத்திடுவேன். சனியன் தொலைஞ்சதுன்னு எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க."

பெண்மணி கையைத் தூக்கினார். வலிக்கிறது போலும் என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். நர்சம்மா இருமினார், கண்ணை உருட்டினார். தொண்டை சரியில்லையென்றால் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும்படி டாக்டர் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நாள் போனது. ஒரு சாயங்காலம் டாக்டர் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, எதிரே தொலைக்காட்சியில் லாரி வந்தது. நாத்தனார் தெருவைக் கடந்தாள். அவ்வளவுதான். அழுது முடித்த மூத்த மருமகள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு, "இனிமே இந்த வீட்டுல கதவு சாத்தியே இருக்கும்" என்றாள்.

டாக்டர் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்துவிட்டார். லாரி என்று முதலில் சொன்னது தான்தான் என்று வீடு முழுக்க முழங்கினார். சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்த மாமியார் மெதுவாகத் திரும்பினார்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

அதுதான் மூன்றாவது வாக்கியம்.

யாரிடம் சொன்னோம் என்று டாக்டருக்கே நினைவில்லை. மறுநாள் நர்சம்மாவைக் கேட்டார். அந்தக் குட்டைமுடி அம்மாதான் அந்த சீரியலை எழுதுகிறவர். காத்திருந்த நேரத்திலேயே தன்னிடம் எல்லாம் பேசிவிட்டார் என்றார் நர்சம்மா. "நான் கண்ணைக் காட்டினேன் டாக்டர். நீங்க என்னைத் தண்ணி குடிக்க அனுப்பிட்டீங்க."

விவரமுள்ளவன் இதோடு வாயை மூடிக்கொண்டிருப்பான். தவளை தன் வாயால்தானே கெடும். தன் ஒரு சொல்லுக்கு ஒரு தொலைக்காட்சியே ஆடுகிறது என்ற பெருமை தாங்காமல், டாக்டர் அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் வீட்டில் கொட்டிவிட்டார். பெண்டாட்டி இயர்போனைக் கழற்றினாள். மாமியார் ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை அணைத்தார்.

"அவ ஒருத்திதான் மனசுல பட்டதை மூஞ்சிக்கு நேரா பேசிட்டிருந்தா மாப்பிள்ளை" என்றார். "எனக்கும் சேத்து அவளே பேசினா. நானும் கேட்டுட்டு நிம்மதியா போய்ப் படுத்துடுவேன். இப்ப அவளைக் கொன்னுட்டீங்க. இனிமே நானே பேசிக்கிறேன்."

பேசினார். ஏழு மணி அடித்தால் தொடங்கிவிடுவார். மாப்பிள்ளை சாப்பிடும்போது எழுப்பும் சத்தத்தில் தொடங்கி, பல் டாக்டர் வீட்டில் ஒரு பிரஷ்ஷாவது உருப்படியாக இருக்கிறதா என்பது வரை போவார். பெண் பார்க்க வந்த அன்றே இவர் மாமியாரின் அண்ணனை உட்காரவைத்துப் படக்கதை சொல்லியே அறுத்த கதையை, ஆள் ஆளாகக் குரல் மாற்றி நடித்துக் காட்டினார். எந்த இடத்தில் நிறுத்தினால் நாளைக்கும் கேட்கத் தோன்றும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பெண்டாட்டி சமையலை முன்னதாகவே முடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். பதில் சொல்ல டாக்டர் வாயெடுத்தபோதெல்லாம், "இருங்க, அம்மா முடிக்கட்டும்" என்று அடக்கினாள்.

டாக்டர் இளைத்துப்போனார். அந்த எழுத்தாளர் பல்லுக்கு உறை மாட்ட வரும் நாளுக்காகக் காத்திருந்தார். காலில் விழுந்தாவது நாத்தனாரைப் பிழைக்க வைத்துவிட வேண்டும். எப்போது வருகிறார் என்று மாமியாரும் எப்படியோ தெரிந்துகொண்டார். நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு அன்று காலை காரில் முன்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கிளினிக்கில் எழுத்தாளரைப் பார்த்ததுமே டாக்டர் கைகூப்பினார். அந்த நாத்தனாரை எப்படியாவது ஆஸ்பத்திரியில் கண்விழிக்க வைக்க முடியாதா என்று கேட்டார். எழுத்தாளர் சிரித்தார். நாத்தனாராக நடித்த நடிகைக்குக் கல்யாணம்; ஒரே மாதத்தில் அனுப்பியாக வேண்டியிருந்தது; வழி தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் டாக்டர் லாரியைக் கொடுத்தாராம். அதற்காக நன்றி. எக்ஸ்ரே சங்கதியையும் தான் மறக்கவில்லை என்றார். டாக்டருக்கு முகம் செத்துப்போனது.

அதற்குள் மாமியார் எழுத்தாளருக்குப் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"லாரி ஏத்தினது தப்பில்லம்மா. ஒரு வார்த்தை பேச விடாம ஏத்திட்டியே, அதுதான் தப்பு."

"என்ன பேசியிருப்பாங்கம்மா?" என்றார் எழுத்தாளர்.

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் மாறியது. "உங்க எல்லாருக்கும் நான் கெட்டவ. இருந்துட்டுப் போறேன். இந்த வீட்டுல எல்லாரும் பேசுறீங்களே, ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் காது குடுத்துக் கேட்டிருக்கீங்களா? நான் கேட்டேன். கதவுக்குப் பின்னாடி நின்னாவது கேட்டேன்."

வீங்கிய கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்த ஓர் ஆள் கையை எடுத்தார். நர்சம்மா முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். எழுத்தாளர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பிறகு, இன்னொரு தடவை சொல்லும்படி கேட்டார். வேண்டுமானால் நாத்தனாரை ஆவியாகக் கொண்டுவரலாமா என்றும் கேட்டார். ஆவியெல்லாம் யாரும் நம்பமாட்டார்கள், அவளுக்கு ஒரு தங்கச்சி இருந்திருக்கக் கூடாதா என்றார் மாமியார். அங்கிருந்து பேச்சு வேறு சீரியலுக்குத் தாவி, போன வாரம் வந்த போலீஸ் படத்துக்குப் போனது. படம் முழுக்க ஒரு வாய் சாப்பிடாத போலீஸ்காரனுக்கு இத்தனை பேரை அடிக்கத் தெம்பு எங்கேயிருந்து வந்தது என்று மாமியார் கேட்க, காத்திருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

டாக்டர் உள்ளே போய்க் கையுறை மாட்டிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. வெளியே வந்து, கன்னம் வீங்கிய அந்த ஆளைப் பெயர் சொல்லியே அழைத்தார்.

"ரெண்டு நிமிஷம் டாக்டர்" என்றார் அவர். "வலி தாங்குது. பெரியம்மா முடிச்சிடட்டும்."

மாமியார் சொல்வது தவறு என்று டாக்டருக்குத் தோன்றியது. இடைவேளைக்குப் பிறகு அந்தப் போலீஸ்காரன் ஒரு டீ குடிக்கிறான்; அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அதைச் சொல்வதற்காக, கையுறையைக் கழற்றிவிட்டு, கன்னம் வீங்கியவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு முறை வாயைத் திறந்தும் பார்த்தார். நர்சம்மா அவர் பக்கம் திரும்பி, உதட்டில் விரலை வைத்தார்.