விரல் நின்ற இடம்

நர்ஸிங் கல்லூரியில் டியூட்டராக இருந்துகொண்டே மேற்படிப்பும் படித்துக்கொண்டிருந்த அவளுக்கு, ஆய்வேட்டின் தலைப்பை கைடு ஒப்புக்கொள்வதற்குள்ளேயே தாவு தீர்ந்துவிட்டது. கடைசியில் தேறியது இதுதான்: நோயாளியின் கழுத்தைத் தொட்டுப் பார்க்கும்போது இறுதியாண்டு மாணவர்களின் கை எவ்வளவு தடுமாறாமல் போகிறது. நோயாளியாக ஒருவர் நடிக்க வேண்டும். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து பரிசோதிப்பதை வீடியோ எடுத்து, பிறகு உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போட வேண்டும். எங்கும் தயங்காத கைக்கு முழு மதிப்பெண்.

நடிக்க வருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். மாட்டிக்கொண்டது நாத்தனார். கணவனின் அக்கா, தனிக்கட்டை, பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருப்பவர். வாய் கொஞ்சம் நீளம். தம்பி மனைவியை 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

"களைப்பா இருக்குன்னு மட்டும் சொல்லுங்கக்கா. மத்தபடி உங்களுக்கு ஒண்ணும் இல்ல. கழுத்தெல்லாம் நார்மல்."

"ஒண்ணும் இல்லாத மாதிரி நடிக்க நான் எதுக்கு? உன் புருஷன் தினமும் அதைத்தானே பண்றான்."

ஆனாலும் வந்தார். கட்டிலில் சாய்ந்து, ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு புது முனகல் முனகி, ஜமாய்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு தேர்வுத்தாள் திருத்தும் வேலை வந்து தலையில் விழுந்தது. வீடியோக்கள் இரண்டு மாதம் அப்படியே கிடந்தன. அந்த வகுப்பே படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டது. ஒருவழியாக ஒரு மதியம், நூலகத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்க உட்கார்ந்தாள்.

முதல் மாணவியின் விரல்கள் காதுக்குப் பின்னால் தொடங்கி, தாடைக்கு அடியில் வந்து, கீழே இறங்கின. கழுத்தடியில், இடது காறை எலும்புக்கு மேலே ஒரு கணம் நின்றன. 'தயக்கம்' என்று குறித்து மதிப்பெண்ணைக் குறைத்தாள். அடுத்தவனின் கையும் நின்றது. அதற்கடுத்தவள் நின்றதோடு இல்லாமல், தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

அவளுக்கு உள்ளுக்குள் குஷியாகத்தான் இருந்தது. மாதக்கணக்காகத் தேடியது மடியில் வந்து விழுந்த மாதிரி. எல்லோரும் ஒரே மாதிரி தடுமாறுகிறார்கள் என்றால் அதை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதிவிடலாம். அந்த உற்சாகத்தில் நாலைந்து பேரைப் பார்த்த பிறகுதான், வலது பக்கம் ஒருவர்கூட நிற்கவில்லை என்பது உறைத்தது.

பேனாவைக் கீழே வைத்தாள். முதல் வீடியோவில் இருந்த மாணவிக்கு போன் போட்டாள்.

"அன்னிக்கு அந்தம்மா கழுத்துல ஏதாவது தட்டுப்பட்டுச்சா?"

"தட்டுப்பட்டுச்சு மேம். கெட்டியா, சின்னதா."

"ஏன் சொல்லல?"

"நடிக்க வந்தவங்கதானே மேம். நிஜமா எப்படி இருக்கும்? என் கைதான் சரியில்லன்னு நெனச்சேன். நார்மல்னு எழுதிட்டேன்."

கைடிடம் சொன்னாள். அவர் பதறிப்போய், "மொதல்ல அவங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, தீசிஸ் எங்கயும் ஓடிப்போகாது" என்றார். அவள் கதவுவரை போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்த வீடியோவை மட்டும் அழிச்சிடாதீங்க."

கடையில் நாத்தனார் கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டபடி துணி வெட்டிக்கொண்டிருந்தார். "என்ன டீச்சரம்மா, மறுபடியும் ஷூட்டிங்கா?"

அவள் நாடாவை எடுத்து மேஜைமேல் போட்டாள். இடது பக்கம் விரலை வைத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. தோலுக்கு அடியில் சட்டைப் பொத்தானைப் போல ஒன்று, நகராமல் இருந்தது.

நாத்தனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கும் பசங்க முக்காவாசிப் பேர் அங்கதான் நின்னாங்க. அந்த இடத்துக்கு வந்ததும் மூச்சைப் பிடிச்சிக்கிட்டாங்க" என்றார் மெதுவாக. "நான்தான், பரவாயில்லையே, இதுங்களும் நல்லா நடிக்குதேன்னு நெனச்சேன்."

டாக்டர் கட்டியில் ஊசி வைத்துச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் தொடங்கிய புற்றுநோய் கழுத்துவரை ஏறியிருந்தது. உடம்பு இளைத்ததா என்று கேட்டதற்கு, "பாவாடையெல்லாம் தொளதொளன்னு ஆச்சு. நானே பிடிச்சுத் தச்சுக்கிட்டேன்" என்றார் நாத்தனார். அறுவை சிகிச்சை பண்ணுகிற கட்டம் தாண்டிவிட்டது, மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று அவள் கேட்கப் போனாள். கேட்காமல் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டாள். கணவன் அவளைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் ஆய்வேட்டைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாத்தனார்தான் விடவில்லை. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே, "என் கழுத்தை வச்சு ஆரம்பிச்சதைப் பாதியில விட்டுடாதே. எழுதி முடி" என்றார். குரல் நூலாக இருந்தது.

அதனால் மறுபடியும் அந்த அறைக்குப் போனாள். மிச்சம் இருந்தவர்களின் கைகளும் அதே இடத்தில்தான் நின்றிருந்தன. கடைசியாக ஒரே ஒரு மாணவன் பாக்கி. வகுப்பில் எல்லாப் பாடத்திலும் முதலாக வந்தவன். அவன் கை காதுக்குப் பின்னால் தொடங்கியது, தாடைக்கு அடியில் வந்தது, காறை எலும்புக்கு மேலே வழுக்கிக்கொண்டு போனது. எங்கும் நிற்கவில்லை. இருமுறை ஓட்டிப் பார்த்தாள். அவள் போட்ட கணக்குப்படி முழு மதிப்பெண் அவன் ஒருவனுக்குத்தான்.

அவன் எண்ணைத் தேடி எடுத்தாள். வெகுநேரம் மணி அடித்த பிறகு எடுத்தான். பின்னால் யாரோ இருமுவதும் தள்ளுவண்டி உருளுவதும் கேட்டது.

"டியூட்டியில இருக்கேன் மேம். புது பேஷன்ட்டைப் பாத்துட்டிருக்கேன். சொல்லுங்க."

என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. "கழுத்தைப் பாத்துட்டியாப்பா?"

"பாத்துட்டேன் மேம். எல்லாம் நார்மல்."

இருமல் சத்தம் நிற்கவே இல்லை.

"இன்னொரு தடவை பாரு. நான் லைன்லயே இருக்கேன்" என்றாள்.