கையில்லாத ராஜா

பந்தல்காரர் கயிற்றை ராஜாவின் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போடப்போகும் நேரத்தில் யோகலட்சுமி வாசலுக்கு ஓடிவந்தாள்.

"அண்ணே, கழுத்துல வேணாம். அப்பா வைவாக. வால்ல கட்டுங்க."

"அப்பா உள்ள படுத்திருக்காக, ஆத்தா. இனிமே எங்குட்டு வந்து வைய?" என்றார் அவர். சொல்லிவிட்டு, வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு கயிற்றை அவிழ்த்து வாலுக்குக் கொண்டுபோனார்.

ஒக்கூருக்குப் போகும் சாலையோரம் கிணற்று உறை வார்க்கும் பட்டறை. அதன் பின்னால் வீடு. இரண்டுக்கும் நடுவே வாயைப் பிளந்து நிற்பது சிமெண்டில் செய்த டைனோசர், ராஜசாரஸ். நர்மதைக் கரையில் கிடைத்த பழைய எலும்புகளுக்கு அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று யோகலட்சுமியின் அப்பா ஈஸ்வரன் ஒருநாள் டீக்கடைப் பத்திரிகையில் படித்தார். மண்டையோட்டில் ஒரு பகுதி, இடுப்பெலும்பு, காலிலும் வாலிலும் சில துண்டுகள், அவ்வளவே கிடைத்திருந்தன. நெற்றியில் ஒற்றைக் கொம்பு கொண்ட, இறைச்சி தின்னும் பெரிய மிருகம். "நம்ம நாட்டு மிருகம், பேரே ராஜா. நிக்க ஒரு எடம் வேணாமா?" என்று சொல்லிக் கம்பி கட்டத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு பொங்கலுக்கும் மாட்டுக் கொம்புக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை ராஜாவின் கொம்புக்கும் அடிப்பார். டவுன்பஸ் நடத்துநர்கள் அந்த நிறுத்தத்துக்கு டைனோசர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ராஜாவுக்குக் கை மட்டும் இல்லை.

அந்த ஈஸ்வரன் அன்று விடியற்காலையில் காப்பியைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார், சாய்ந்தவர் எழவில்லை. எண்பதைத் தாண்டியவர், ஒருநாளும் படுக்கையில் கிடக்காதவர். ஊரார் அதைக் கல்யாணச் சாவு என்றார்கள். கொட்டுக்காரர்கள் ராஜாவின் பின்னங்காலடியில் நெருப்பு மூட்டி மேளத்தைக் காய்ச்சினார்கள். ஒருவர் தம் சட்டையைக் கழற்றி ராஜாவின் கீழ்ப்பல்லில் மாட்டினார். யாரும் எதையும் தடுக்கவில்லை.

யோகலட்சுமியின் மனம் மட்டும் சாலையில் இருந்தது. செம்மலை மாமா இன்னும் வரவில்லை.

கணவன் இறந்தால் மனைவிக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வர வேண்டும்; அது வராமல் உடலைத் தூக்குவதில்லை. அம்மா அன்னக்கிளிக்குப் பிறந்த வீடு என்பது இப்போது நேமத்தான்பட்டியில் இருக்கும் அந்த ஒரே தம்பிதான். காலையில் யோகலட்சுமி தொலைபேசியில் செய்தி சொன்னாள். மாமா ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டார்.

காரணம் ராஜாவுக்கு இல்லாத அந்தக் கைதான். பட்டறையில் அப்பாவோடு கூட்டாக இருந்தவர் மாமா. இருவரும் நாள் தவறாமல் அதைப் பற்றியே வழக்காடுவார்கள்.

"கண்ணு மட்டும் கெடைச்சுச்சாக்கும்? கண்ணு வச்சீகள்ல?" என்பார் மாமா.

"மண்டை கெடைச்சிருக்கு. மண்டை இருந்தா கண்ணு இருக்கும்."

"ஒடம்பு இருந்தா கை இருக்காதா அத்தான்?"

"இருக்கும். எம்புட்டுன்னு தெரியாதுல்லடா. எலும்பு கெடைக்கட்டும், வைப்போம்."

கேட்க வரும் பிள்ளைகளுக்கு அப்பா வேறு கதை சொல்வார். காட்டிலுள்ள மிருகமெல்லாம் ராஜாவைக் கும்பிட்டன. ராஜா யாரையும் கும்பிடவில்லை. கும்பிடாத கை எதற்கு என்று அந்தக் கையே கழன்று காட்டுக்குள் போய்விட்டது. "அப்ப எப்படித் தாத்தா துண்டு போடுவாரு?" என்று ஒரு பெண்குழந்தை கேட்டபோது, "ராஜாவுக்கு எடுத்துப் போட ஆள் இருக்கும்ல" என்று சிரித்தார்.

பிறகு ஒருமுறை அப்பா மதுரைக்குப் போயிருந்தபோது மாமா பயில்வான் கைகள் இரண்டை வார்த்து ராஜாவின் தோளில் பொருத்திவிட்டார். ஆச்சரியப்படுத்தத்தான் நினைத்தார். பஸ்ஸை விட்டு இறங்கிய அப்பா, பையைக்கூடக் கீழே வைக்காமல் சம்மட்டியை எடுத்தார். அன்று போன மாமா திரும்பி வரவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அம்மா ஒரு தட்டுப் பலகாரத்தைத் தனியாக மூடி வைப்பதும், அப்பா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பதும் வழக்கமாயின.

வெயில் சாயத் தொடங்கியது. பெரியப்பா வீரபாண்டியன் அருகில் வந்து குரலைத் தணித்தார்.

"பொழுதுக்குள்ள எடுக்கணும்மா. காரைக்குடியில ஒங்கம்மாவுக்குத் தம்பி மொறையில ஒருத்தன் இருக்கான். கோடி எடுத்துட்டு வரச் சொல்லவா?"

யோகலட்சுமி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவின் தலைமாட்டில் அமர்ந்து, அவர் நெற்றியில் உட்கார வந்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"எம் பொறந்தவன் வரட்டும்" என்றாள்.

இன்னொருவன் கையால் அந்தச் சேலை அம்மாவின் தோளில் விழுந்தால், அம்மாவுக்கு இரண்டு பேர் ஒரே நாளில் போனதாகிவிடும் என்று யோகலட்சுமிக்குத் தோன்றியது. "இன்னொரு பஸ் பாப்போம் பெரியப்பா" என்றாள்.

அந்த பஸ் வந்தது. "டைனோசர் எறங்கு!" என்ற குரல் கொட்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மஞ்சள் பையோடு இறங்கினார் செம்மலை. தலை முழுவதும் நரைத்திருந்தது. வீட்டுக்குள் வராமல் நேரே ராஜாவின் முன்னால் போய் நின்றார். கொட்டு தானாக நின்றது. சம்மட்டி பட்ட தோளை அண்ணாந்து பார்த்தார். அப்பா அதைப் பூசி மெழுகியிருந்தார், தடம் தெரியவில்லை.

பிறகு உள்ளே வந்தார். அத்தான் மேல் புது வேட்டியை விரித்தார். அக்காவின் தோளில் சேலையைப் போட்டார். அம்மா நிமிர்ந்து, தம்பியின் பையைப் பார்த்தாள்.

"அதுல என்னடா? மறுபடியும் கை செஞ்சு கொண்டாந்திருக்கியா?"

"இல்லக்கா" என்றார் மாமா. "இன்னமும் எலும்பு கெடைக்கலையாம்."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"போற வார எடத்துல வெவரம் தெரிஞ்சவுகள்ட்ட கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். கெடைச்சா மொத ஆளா வந்து அத்தான்ட்ட சொல்லணும்னு இருந்தேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. "இவரும் தெனம் பேப்பர்ல அதத்தானடா தேடுனாரு!" என்றாள். சுற்றியிருந்த பெண்கள் முதலில் விழித்தார்கள். பிறகு அவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று யாருக்கும் தெரியவில்லை.

தூக்கினார்கள். வெடி வெடித்தது. கொட்டுக்காரர் ஒருவர் ஆடிக்கொண்டே ராஜாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மாமா பையிலிருந்து கடைசியாக ஒரு சிவப்புக் கரைத் துண்டை எடுத்தார். அடுக்கியிருந்த உறைகளின் மேல் ஏறி, அதை ராஜாவின் தோளில் போட்டார். கூட்டம் விசிலடித்தது.

பெண்கள் பஸ் நிறுத்தத்தோடு நின்றுவிட்டார்கள். ஊர்வலம் முன்னே போய்க்கொண்டிருந்தது. அதில் மாமாவைக் காணாமல் யோகலட்சுமி திரும்பிப் பார்த்தாள்.

காற்றில் துண்டு சரிந்துவிட்டது போலும். செம்மலை மீண்டும் உறைகளின் மேல் ஏறி, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் உடல் ராஜாவின் மார்புக்கு அப்பால் மறைந்திருந்தது. யோகலட்சுமி நின்ற இடத்திலிருந்து பார்க்க, அந்தச் சிமெண்ட் தோளிலிருந்து மெலிந்த கை ஒன்று மட்டும் நீண்டு, துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தது.