இரண்டாவது படப்பெட்டி

மேட்னி முடிந்து சேனாதிபதி திரைக்கு முன்னால் ஏறித் தொண்டையைச் செருமியதும், சண்முகவள்ளிக்கு மலைப்பாதை பஸ்ஸில் ஊறுகிற அந்தப் புளித்த எச்சில் வாயில் ஊறியது.

நாயுடுபுரத்துத் தகரக் கொட்டகையில் ஞாயிறுதோறும் இந்தக் கூத்துதான். சேனாதிபதி தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் குமாஸ்தாவாக இருந்து, ஏனென்று யாரிடமும் சொல்லாமல் மலையேறி வந்தவர். இப்போது கோட்டு, மப்ளர். வேட்டிக்கு மேலே முழுக்கச் சீமைதான். படத்திலிருந்து பணம் பண்ணும் பாடத்தைப் பிழிந்து கொடுப்பது அவருடைய தொண்டு. கொட்டகை முதலாளிக்கும் சம்மதம். பேச்சு நீள நீளச் சுக்குக்காப்பி விற்கும்.

"நம்ம ஹீரோ என்ன செஞ்சான்? பொண்டாட்டி வீட்ட வித்தான். கப்பல் யாவாரத்துல போட்டான். கப்பல் துறைமுகத்துக்குள்ள வந்துச்சா இல்லையா? நீங்களே பாத்தீங்க. இதுக்குப் பேருதான் இன்வெஸ்ட்மெண்ட்."

முதல் வரிசையில் அவள் புருஷன் ஞானவேல் அதை நோட்டில் எழுதிக்கொண்டான். உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை எண்ணுகிறவன். வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அட்டுவம்பட்டித் தோட்டத்த அவருக்கு எழுதிக் குடுத்துருவோம் வள்ளி. காப்பிக் கம்பெனியில பங்கு தாராராம்."

அட்டுவம்பட்டியில் இருந்தது அவள் அப்பா கொடுத்த நாற்பது பேரி மரங்கள். அந்தக் காயை விற்றுத்தான் வீட்டில் உலை கொதித்தது.

மறுநாள் கொட்டகை வாசலில் அவள் கூடையோடு உட்கார்ந்திருக்கையில் ஆபரேட்டர் ஜலீல் காய் வாங்க வந்தான். விஷயத்தைக் கேட்டதும் கடித்த வாயை அப்படியே நிறுத்தினான்.

"அடக் கொடுமையே. நேத்து ஓடுனது முழுப்படம் இல்லக்கா. காட்ரோட்டுல மண்ணு சரிஞ்சு ரெண்டாவது படப்பெட்டி வத்தலக்குண்டுலயே கெடக்கு. கப்பல் வாரதோட நிறுத்தி 'வணக்கம்' சிலைடப் போடச் சொல்லிட்டாரு முதலாளி."

"மிச்சத்துல என்ன வருது?"

"கப்பல்ல பூரா உப்புத்தண்ணி. அவன் பிச்சை எடுக்கான்."

ஞானவேல் நம்பவில்லை. "பேரிக்காய் திங்க வந்தவன் பேச்சையா கேக்க? சேனாதிபதி சார் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவருடி."

வாதாடிப் பயனில்லை என்று விட்டுவிட்டாள். புதன்கிழமை பெட்டி வந்து சேர்ந்தது. ஞாயிறு வெள்ளனே சமைத்து வைத்துவிட்டு அவனை மேட்னிக்கு இழுத்துப் போனாள். சேனாதிபதியும் வந்திருந்தார். கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தது. கதாநாயகன் கிழிந்த சட்டையோடு தெருவில் திருவோட்டை நீட்டினான். கொட்டகையே மூக்கைச் சிந்த, சண்முகவள்ளி ஒருத்திதான் வாய்கொள்ளாமல் சிரித்தாள். நாற்பது மரமும் திரும்பி வந்து வரிசையாக நின்ற மாதிரி இருந்தது.

விளக்கு எரிந்தது. சேனாதிபதி மேடையேறினார். அந்த முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"பாத்தீங்களா? நான் சொன்னது பலிச்சிருச்சு. அவன் போட்டது கப்பல்ல. நான் போடச் சொல்றது காப்பித் தோட்டத்துல. தோட்டம் தண்ணியில முங்குமாங்க?"

கைதட்டல். முதலில் தட்டியது ஞானவேல்.

சேனாதிபதியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பிழைக்க வந்தவன். 'முங்காது' என்று ஞானவேல் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டானே, அந்தக் கையைப் பார்க்கத்தான் அவளுக்குக் குமட்டியது. பதினோரு வருஷமாக அவள் சோறு போட்ட கை.

சேனாதிபதி கோட்டுப் பையிலிருந்து முத்திரைத்தாளையும் மைப்பெட்டியையும் எடுத்தார். சவரக்காரர் பெட்டிபோல எப்போதும் தயாராக இருக்கும்.

"நல்ல நேரம் போகுது. தங்கச்சி மேல வாங்க."

ஞானவேல் அவளை மேடைக்குக் கூட்டிப்போய், கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினான். "வெரசா வை புள்ள. சார் நிக்கிறாருல்ல."

அவள் கையை உருவிக்கொண்டாள். நாலடி நடந்தாள். வெள்ளைத் திரையில், தன் முகத்து உயரத்தில், விரலை நன்றாக உருட்டி வைத்தாள். மிச்ச மையையும் அதிலேயே தேய்த்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை புதுப்படம். அவளோடு பேச்சை நிறுத்திவிட்ட ஞானவேல் வழக்கம்போல நோட்டோடு முன்னால் இருந்தான். பக்கத்தில் சேனாதிபதி, அவர் கோட்டுப் பை இன்னும் புடைத்துத்தான் இருந்தது. பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த சண்முகவள்ளியின் விலாவில் பக்கத்து வீட்டு அன்னக்கொடி இடித்தாள்.

"ஏடி, அவ கன்னத்துல மச்சத்தப் பாத்தியா?"

கதாநாயகி முகத்தைத் திருப்பினாள். மச்சம் திரும்பவில்லை. அவள் போனாள், மாளிகை வந்தது, மாளிகை போய் மோட்டார் வந்தது. எல்லாவற்றின் மேலும் அந்தக் கறுப்பு ரேகை வைத்த இடத்திலேயே இருந்தது.