இடுகாட்டுப் பெரட்டு

'மாணவர் தலைமைத்துவ வாய்ப்பு: சமூகத்தோடு கைகோப்போம்' என்று பல்கலைக்கழகத்தில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். எனக்குத் தலைமையும் வேண்டாம், அவர்கள் தரும் சான்றிதழும் வேண்டாம். என் அப்பா சன்னாசி வேண்டும்.

அவர் புக்கிட் பெலிம்பிங்கைத் தாண்டி எங்கள் பழைய செம்பனைத் தோட்டத்து இடுகாட்டில் எங்கோ கிடக்கிறார். எனக்கு நான்கு வயதில் புதைத்தார்கள். நட்ட பலகையைக் கரையான் தின்றுவிட்டது. அம்மாவாலேயே இடத்தைக் காட்ட முடியவில்லை. நிலத்தை வாங்கிய கம்பெனி திங்கட்கிழமை தளம் நிரவப் போகிறது. அதற்குள் பெயர்க் குச்சி நட்ட குழிகளை மட்டும் தோண்டி வேறிடத்தில் புதைப்பார்களாம். மற்றவர்கள் மேல் ரோடு வரும்.

அந்தக் குச்சிகளை நடுவதுதான் எங்கள் மாணவர் திட்டம். யார் லீடர் என்று கேட்டதும் கையைத் தூக்கினேன். அப்பாவைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் என் அழுகையையும் படம் பிடித்து ரிப்போர்ட்டில் போடுவார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. தோட்டத்துக் கணக்கராயிருந்த பழைய கிராணி எழுதிவைத்த சாவுப் பட்டியல் என் கையில் இருந்தது. ட்ரெவரும் திலகாவும் இன்னும் ஆறு ஜூனியர்களும் லாலாங் புல்லுக்குள் பரவி நின்றார்கள். நான் பெயரை வாசிக்க வேண்டும். கல்லில் அந்தப் பெயரைப் பார்ப்பவர் குரல் கொடுக்க வேண்டும்.

"பெரட்டு மாதிரியே இருக்கு லா அக்கா," என்று ட்ரெவர் சிரித்தான்.

அப்படித்தான் இருந்தது. தோட்டத்தில் விடியுமுன் வேலை வாங்கும் மண்டோர் ஆள்களை நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவது பெரட்டு. குரல் கொடுக்காதவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. காய்ச்சலில் கிடந்தவனும் எழுந்து வந்து குரல் கொடுத்திருக்கிறான். அப்படிப் பழகியவர்களின் தலைமாட்டில் நின்று கூப்பிடுகிறோமே என்று எனக்கு உறைக்கவில்லை.

"காளியண்ணன்!"

"இங்க!" திலகா.

"வள்ளியம்மா!"

"இங்க இங்க! எறும்பு கடிக்குது கா!" ட்ரெவர்.

"சன்னாசி!"

"வந்துட்டேங்க."

களைத்த ஆண் குரல். பின்னால் ஓர் இருமல்.

"ட்ரெவர், செருப்பு பிஞ்சிடும்."

"சத்தியமா நான் இல்ல கா." அவன் முகம் வெளுத்திருந்தது. "கூடாரத்துலேருந்து வந்துச்சு."

எங்கள் திட்டத்தைப் பார்க்க மதியம் வரவிருந்த பிரமுகருக்காகப் போட்ட கூடாரம். சிவப்புக் கம்பளம், இருபது நாற்காலிகள். ஆள் ஒருவரும் இல்லை. எங்கள் விரிவுரையாளர் சத்தியசீலன் வெளியே நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் வாய மூடுங்க," என்றேன். செம்பனை மட்டைகளின் சலசலப்பும் அடங்கிவிட்டது. "சன்னாசி!"

"வந்துட்டேங்க."

கம்பளத்துக்கு அடியிலிருந்து வந்தது. அப்பாவின் குரல்தானா? எனக்கு அவர் குரல் நினைவில்லை. ஆனால் அதிலிருந்த பயம் தெரியும். பெயர் விட்டுப்போய்விடுமோ என்ற பயம். படிப்பு உதவிநிதி வரிசைகளில் நானும் அதே குரலில்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

நாற்காலிகளைத் தள்ளத் தொடங்கினேன். சத்தியசீலன் ஓடிவந்தார்.

"என்னம்மா குமுதா இது? பன்னெண்டு மணிக்கு அவரு வந்துடுவாரு!"

"கூடாரத்தத் தூக்கணும் சார்."

"எதுக்கு? கீழ யாரு இருக்கா?"

"எங்கப்பா."

அவர் சிரிக்க வாயெடுத்தார். அவர் காலுக்கடியில் இருமல் கேட்டது. அடுத்த நாற்காலியை அவரே தூக்கினார்.

கம்பளத்தைச் சுருட்டியதும் ஓர் ஆள் நீளத்துக்கு மண் உள்வாங்கியிருந்தது. பெயரை எழுதி, குச்சியைக் கல்லால் அடித்து இறக்கினேன். அழவில்லை.

மீதிப் பெயர்களையும் வாசித்து முடித்தேன். எல்லாருக்கும் கல் இருந்தது. "அவ்வளவுதான், முடிஞ்சிச்சு," என்று பட்டியலை மடித்தேன்.

"வந்துட்டேங்க," என்றது ஒரு பெண் குரல்.

நான் யாரையும் கூப்பிடவில்லை.

"வந்துட்டேங்க." புதிதாக வெட்டிய வடிகாலிலிருந்து. "வந்துட்டேங்க." ரோட்டோரத்திலிருந்து. ட்ரெவர் எங்கள் வேனுக்கு ஓடினான். அதன் சக்கரத்துக்கடியில் ஒரு குழந்தை அதையே சொன்னது. அவன் திரும்பி ஓடிவந்தான். பட்டியலில் கிராணி எழுதாமல் விட்ட ஆள்கள். குரல் மேல் குரல், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு.

"கா, போயிடலாம் கா," என்று திலகா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

என்னிடம் பதினொரு குச்சிகள்தான் மிச்சம். இடுகாட்டு ஓரத்தில் மரக்கிளைகள் இருந்தன. அவற்றை ஒடிக்கச் சொல்லிவிட்டு, பட்டியலின் வெற்றுப் பக்கத்தைத் திருப்பிப் பேனாவைத் திறந்தேன்.

"ஒவ்வொருத்தரா," என்றேன். "பேரு சொல்லுங்க."