தாடைக்குள் ஒரு குழி

மல்பெ துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறவள் நான். ஜலஜாக்ஷி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஜலஜக்கா என்றால் எல்லாப் படகுக்காரருக்கும் தெரியும். என் இடது தாடை எலும்புக்குள் ஒரு நீர்க்கட்டி வளர்ந்து, எலும்பை முட்டை ஓடாக ஆக்கிவிட்டது. அறுவை டாக்டர் கிணி அதில் ஓர் ஓட்டை போட்டுச் சின்னக் குழாய் வைத்தார். சாப்பிட்ட பிறகெல்லாம் சிரிஞ்சால் உப்புத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். குழி சுருங்கினால் மிச்சத்தைச் சுரண்டி எடுத்துவிடலாம். சுருங்காவிட்டால் பாதித் தாடையை வெட்டி எடுத்துத் தகடு வைப்பார்களாம். தகடு வைத்த வாயால் ஏலம் கூவினால் எவன் காதில் விழும்?

மாதக்கணக்கில் கழுவினேன். பங்குடெ மீன் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர் பார்க்க வாயைப் பிளந்துகொண்டு கழுவினேன். சிரித்தவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தாடையை மறுபடி ஸ்கேன் படம் எடுக்க உடுப்பிக்குப் போனேன். படம் எடுத்து அளப்பவர் டாக்டர் நிருபமா பல்லாள். மூக்குத்தியைக் கழற்றிவிட்டு, தலை அசையாமலிருக்க இயந்திரத்தில் நீட்டியிருந்த குச்சியைக் கடித்தபடி நின்றேன். இயந்திரம் தலையை ஒரு சுற்று சுற்றியது. கணினியில் என் தாடை முழுசாக வந்து நின்றது. திரையில் குழிக்குள் ஓரிடத்தை அவர் தொட்டால் போதும், பச்சை நிறம் தானே பரவி நிரப்பும். நிரம்பியதுதான் குழியின் கொள்ளளவு. அது முன்பைவிடக் கூடியிருந்தது.

பக்கத்தில் நின்று பார்த்த கிணி டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "சரியா கழுவலையா ஜலஜக்கா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கழுவலைன்னு எவ சொன்னா? சோறு தின்னாத நாள் உண்டு டாக்டரே, கழுவாத நாள் கிடையாது."

"அளவு அப்படிச் சொல்லலையே. தாடையை வெட்டத் தேதி குறிச்சுடலாம்."

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். உண்மையாகவே பயந்துபோனேன்.

"அக்கா, கொஞ்சம் உட்காருங்க," என்றார் நிருபமா. கண் திரையிலேயே இருந்தது. "சார், ஓரமெல்லாம் புது எலும்பு வந்திருக்கு. எலும்பு வளர்ந்தா குழி எப்படிப் பெருசாகும்?" பிறகு என்னிடம் கேட்டார், "சிரிஞ்சுத் தண்ணி முன்ன மாதிரி உள்ள போகுதா?"

"எங்க போகுது? பாதியிலயே திரும்பி மூஞ்சியில அடிக்குது."

அவர் படத்தைத் திருப்பினார், கவிழ்த்தார், குழாய் இருந்த இடத்தைப் பெரிதாக்கினார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"என் தப்பு சார். ஓட்டை வழியா நிறம் வெளிய வழிஞ்சிருக்கு. குழியோட அக்கா வாய்க்குள்ள இருக்கிற காத்தையும் சேர்த்து அளந்துட்டேன்."

"ஜலஜக்கா வாயாச்சே, அளவு எகிறாம இருக்குமா?" என்றார் கிணி டாக்டர். சிரிப்பு வந்தது, ஆனால் அவருக்குக் காட்டவில்லை.

நிருபமா சாப்பிடக்கூடப் போகவில்லை. தாடையை ரொட்டித் துண்டுகளைப் போல மெல்லிசாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குழியின் விளிம்பைக் கையால் வரைந்தார். ஓட்டை வந்த இடத்தில் கோடு போட்டு அடைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுவிடப் பயந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எண் வந்தது. பழைய குழியில் மூன்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.

"தாடையை வெட்ட வேண்டாம்," என்றார் கிணி டாக்டர். "சுரண்டி எடுத்தா போதும்."

எங்கள் தராசுகளில் தப்பு நடந்து பார்த்திருக்கிறேன். கையும் களவுமாகப் பிடித்தாலும் தராசைத்தான் திட்டுவார்கள். இந்தப் பெண்ணோ யாரும் கேட்பதற்கு முன்பே, பெரிய டாக்டர் எதிரில், என் தப்பு என்று சொன்னார். அந்த ஒரு சொல்லால்தான் என் தாடை என்னோடு இருக்கிறது. காலமெல்லாம் நன்றி சொன்னாலும் தீராது.

அப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், கண்ணீர் அந்தக் கையிலேயே விழுந்தது.

"என்னக்கா, இப்பப் பார்த்துப் பேச்சைக் காணோம்?" என்றார் நிருபமா.